முழுமைசார் கால்நடை மருத்துவம்

முழுமைசார் கால்நடை மருத்துவம் என்பது நோயுற்ற உறுப்பை மட்டும் கருதாமல், விலங்கின் தீவனம், மேய்ச்சல், கொட்டில், வேலை ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து சிகிச்சையளிக்கும் அணுகுமுறை ஆகும். இதில் நவீன மருத்துவத்துடன் மூலிகை, அக்குபஞ்சர், ஓமியோபதி போன்ற முறைகளும் இடம்பெறுவதுண்டு. இவற்றுள் ஓமியோபதிக்கான அறிவியல் சான்றுகள் வலுவானவை அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வணுகுமுறைக்கான கால்நடை மருத்துவர் சங்கம் 1982 இல் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் மரபுவழி மூலிகை மருத்துவமாகவே அறியப்படுகிறது.

செட்டிநாட்டுச் சூழல்

செட்டிநாட்டின் காரைக்குடி அமைந்துள்ள சிவகங்கை மாவட்டம், மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட பகுதியாகும். இம்மாவட்டத்து ஊரொன்றின் பெயரால் வழங்கும் புலிக்குளம் மாடுகள், பெரும் மந்தைகளாக மேய்க்கப்பட்டு, எருவுக்காக வயல்களில் கிடை போடப்படுகின்றன. இத்தகைய மந்தையில் ஒரு மாடு நோயுற்றால், அது மேய்ந்த இடம், குடித்த நீர், உடன் நின்ற மாடுகள் ஆகியவற்றையும் அறிய வேண்டியுள்ளது.

மரபும் ஆய்வும்

கால்நடை நோய்களையும் மருந்துகளையும் கூறும் பழந்தமிழ் நூல்கள் மாட்டு வாகடம் எனப்படுகின்றன. 1989 இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில், பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மூலிகை மருத்துவ முறைகளைத் தொகுத்துப் பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் இம்முறைகளை ஊக்குவிக்கிறது.

மடிநோய்

மடிநோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து, நீரில் கரைத்து, பால் முழுவதையும் கறந்து கழுவிய மடியில் நாள்தோறும் பலமுறை பூசுவர். நுண்ணுயிர் எதிர்ப்பி செலுத்தப்பட்ட பசுவின் பாலைக் குறிப்பிட்ட நாட்களுக்கு விற்கவோ அருந்தவோ கூடாது. ஆதலால், ஒரே கறவை மாட்டை நம்பிய குடும்பத்திற்கு இப்பூச்சு பயன் தரக்கூடும். தேவையற்ற எதிர்ப்பிப் பயன்பாடு குறைவது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதையும் தடுக்கிறது. எனினும் கொட்டிலின் ஈரமும் கறப்பவரின் கைத்தூய்மையும் சீராகாவிடில் நோய் திரும்பும். பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ தீவனம் எடுக்காவிட்டாலோ மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

சூழலியல் நோக்கு

ஒரு விலங்கிற்குத் தரும் மருந்து பிற உயிர்களையும் பாதிக்கலாம். வலிநீக்கியான டைக்குளோஃபினாக் செலுத்தப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து பெருமளவில் மடிந்தன. இதனால் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006 இல் தடைசெய்யப்பட்டது.

வரம்புகள்

அடைப்பான், சப்பை நோய், கோமாரி, வெறிநோய் ஆகியவற்றில் மூலிகை மருந்து தடுப்பூசிக்கு மாற்றாகாது. மூலிகையை மட்டும் நம்பிக் காலம் தாழ்த்துவதால் மாடு இறப்பதோடு, அடைப்பானும் வெறிநோயும் மனிதருக்கும் பரவக்கூடும். நோயறிதலும் தடுப்பூசியும் இவ்வணுகுமுறையின் பகுதிகளே ஆகும். 1984 ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவுபெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவத் தொழில் புரிய இயலும்.