ஆர்கனை வெளியே தூக்கிட்டு வாங்க!

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். வெட்டவெளி, பின்னாடி ஆடு மாடுங்க. முன்னாடி ஒரு குடும்பம் விறைப்பா நிக்குது. அவங்க நடுவுல ஒரு ஆர்கன்! காலால துருத்தியை மிதிச்சுக்கிட்டே வாசிப்பாங்களே, அது. நம்ம ஆர்மோனியத்துக்குப் பெரியம்மா முறைன்னு வச்சுக்கங்க. மாட்டுத் தொழுவத்துல அதுக்கு என்ன வேலை?

இடம் அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலம், கஸ்டர் கவுண்டி. காலம் 1880கள். எடுத்தவர் சாலமன் புட்சர். படத்துல இருக்கிறது ஹில்டன் குடும்பம். கிழக்குப் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க, சிநேகிதங்க கண்ணுல அந்த ஆர்கன் படணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை. ஆனா குடியிருக்கிற மண் வீடு மட்டும் படத்துல வரவே கூடாது. கண்டிஷனா சொல்லிட்டாங்க. அதனால அவ்வளவு கனமான சாமானை முற்றத்துக்கு இழுத்துட்டு வந்து நிறுத்தியாச்சு.

இதைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சு. அடுத்த நிமிஷமே நின்னும் போச்சு. ஆன்சைட் வந்த புதுசுல பக்கத்து அபார்ட்மென்ட்காரனோட சிவப்பு கார் மேல சாஞ்சு நின்னு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினவன் நான். ரூம்ல தரையில கிடந்த காத்து மெத்தை எந்தப் படத்திலும் வராம பார்த்துக்கிட்டேன். அப்புறம் ஹில்டன் அம்மாவை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கிண்டல் பண்றது? :-)

சரி, அதென்ன மண் வீடு? 1862ல லிங்கன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 160 ஏக்கர் அரசாங்க நிலம். அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் பண்ணினா உங்களுக்கே சொந்தம். கட்டணம் மொத்தமே 18 டாலர். கேக்கறதுக்கு அள்ளிக் கொடுக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தப் புல்வெளியில வீடு கட்ட மரமே கிடையாது. அதனால புல்லோட வேர் பின்னிப் பிணைஞ்ச மேல்மண்ணைக் கலப்பையால பட்டை பட்டையா உரிச்சு, செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிடுவாங்க. அதுக்கு அவங்களே கிண்டலா வச்ச பேர் 'நெப்ராஸ்கா சலவைக்கல்'! சுவர் ரெண்டு மூணு அடி கனம் இருக்கும். கோடையில குளுமை, குளிர்ல கதகதப்பு. மழை வந்தாத்தான் கஷ்டம். வெளியே மழை விட்ட பிறகும் கூரை உள்ளே சொட்டிக்கிட்டே இருக்கும். மண்ணும் புழு பூச்சியும் சாப்பாட்டுத் தட்டுல விழாம இருக்க கூரைக்கு அடியில துணி கட்டிக்குவாங்க. சில சமயம் பாம்பும் விழும்.

புட்சரும் இப்படி நிலம் வாங்கினவர்தான். ரெண்டே வாரத்துல "நமக்கு இது சரிப்படாது"ன்னு கழண்டுக்கிட்டார். 1886ல அவருக்கு ஒரு யோசனை. இந்தக் குடியேறிகளோட கதையையும் படத்தையும் சேர்த்து ஒரு புத்தகம் போடணும். வண்டியில கேமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் ஏத்திக்கிட்டு வருஷக்கணக்கா சுத்தினார். மூவாயிரத்துக்கும் மேல படங்கள். 1899ல வீடு தீப்பிடிச்சு, சேர்த்து வச்ச கதைகளெல்லாம் சாம்பல். நெகட்டிவ்கள் வேற இடத்துல இருந்ததால தப்பிச்சது. மனுஷன் மறுபடி முதல்ல இருந்து எழுதி 1901ல புத்தகத்தைக் கொண்டு வந்துட்டார். பெரிசா காசு பார்க்காமலே 1927ல செத்தும் போனார்.

இந்தப் படங்கள்ல எனக்குப் பிடிச்சதே, எதைக் காட்டணும்னு அந்த ஜனங்களே முடிவு பண்ணினதுதான். ரௌடிங்னு ஒரு குடும்பம். வாசல்ல மேஜையைப் போட்டு, அதுல தர்பூசணியை வெட்டி வச்சிருக்காங்க. மேட்டுச் சரிவைக் குடைஞ்சு கட்டின வீடு. அதனால மாடு கூரை மேல நிக்கிற மாதிரி தெரியுது! இன்னொண்ணுல கிறிஸ்மன் சகோதரிகள் நாலு பேர், ஆம்பளைத் துணை யாரும் இல்லாம, மண் வீட்டு முன்னாடி நிமிர்ந்து நிக்கிறாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களும் தன் பேர்ல நிலம் கேக்கலாம்னு சட்டத்துல இடம் இருந்துச்சு.

படத்துல யாருமே சிரிக்கலையேன்னு தோணும். அந்தக் காலத்து கேமரா முன்னாடி ரொம்ப நேரம் அசையாம நிக்கணும், அதான்னு சொல்வாங்க. 1880கள்ல வந்த உலர்தட்டுக்கு அவ்வளவு நேரமெல்லாம் தேவையில்லை. போட்டோன்னா முகத்தை அப்படித்தான் வச்சுக்கணும்ங்கறது வழக்கம், அவ்வளவுதான்.

புட்சர் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்லை. 1876ல வெட்டுக்கிளிப் படையை எப்படி அடிச்சு விரட்டப் பார்த்தார்னு ஒரு விவசாயியை நடிக்கவிட்டு எடுத்த படம் ஒண்ணு இருக்கு. அதுல வெட்டுக்கிளிங்க எல்லாம் அவரே நெகட்டிவ்ல கீறினது! பின்னாளில் இந்த நெகட்டிவ்களை கம்ப்யூட்டர்ல ஏத்தி, இருட்டுப் பகுதிகளை வெளிச்சமாக்கினாங்க. வெறும் கறுப்பா கிடந்த வாசல், ஜன்னல்களுக்குள்ளே இருந்த வீட்டுச் சாமானெல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. காட்ட வேண்டாம்னு உள்ளே விட்டதை, நூறு வருஷம் கழிச்சு நாம எட்டிப் பார்க்கிறோம். பார்க்க ஆசையாவும் இருக்கு, சங்கடமாவும் இருக்கு.

படத்துக்குள்ள வராதவங்களும் உண்டு. அந்த மாநிலத்துல காலங்காலமா வாழ்ந்த பானி இனத்தவரை 1870கள்ல தெற்கே, இப்போதைய ஓக்லஹோமா பக்கம் போக வச்சுட்டாங்க. புட்சர் கேமராவோட கிளம்பினப்போ அவங்க அங்கே இல்லை.

அம்பது வருஷம் கழிச்சு நிலைமை வேற. 1936ல கலிஃபோர்னியாவுல நிப்போமோங்கற இடத்துல, பட்டாணி பறிக்க வந்த ஒரு தாயை டோரதியா லாங் படம் எடுத்தார். அரசாங்க வேலையா எடுத்தது. உலகமே பார்த்த படம். பேர்கூட கேக்கலை. அது ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு வெளியே தெரிய வந்ததே 1978லதான். அந்தப் படத்தால தனக்கு ஒரு காசு பிரயோஜனமில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம்ங்கற அர்த்தத்துலதான் அந்த அம்மா பேசினாங்க. கூடாரத்தை ஒளிச்சு வைக்கவோ, நல்ல சாமான் ஒண்ணைப் பக்கத்துல கொண்டு வந்து வைக்கவோ யாரும் அவங்களைக் கேக்கலையே.

ஹில்டன் அம்மாவை புட்சர் கேட்டார். படம் எடுத்து முடிச்சதும், ஆர்கனை எல்லாருமா சேர்ந்து மறுபடி அந்த மண் வீட்டுக்குள்ளேயே தூக்கிட்டுப் போனாங்க.