இடையில் நின்ற படிப்பு

படிப்பு நடுவே நின்றுவிட்டால் வாழ்வே நின்றுவிட்டதெனக் கலங்கும் மாணவர் பலர். அவர்கள் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸின் இளமை வரலாற்றை அறிதல் நன்று.

1864-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவரை முதுகுவலியும் கண்நோவும், அவற்றினும் கொடிய மனச்சோர்வும் வாட்டின. உயிரை வெறுக்கும் எண்ணமும் எழுந்தது. 1867-இல் படிப்பை நிறுத்தி ஜெர்மனி சென்றார். உடல் நன்கு தேறவில்லை. ஆயினும் அப்போது முளைவிட்டுக்கொண்டிருந்த உளநூல் அங்கே அவருக்கு அறிமுகமாயிற்று. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப்பின் நாடு திரும்பி, 1869-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் துயர் அகன்றதா? இல்லை. மறு ஆண்டே அது கடுமையாய்த் தாக்கியது. 1870 ஏப்ரலில் பிரெஞ்சு மெய்யியலார் ரெனூவியேயின் எழுத்தைப் படித்தவர், தம் எண்ணத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை மனிதர்க்கு உண்டென நம்பத் துணிந்தார். அதன்பின்னும் தேற்றம் மெல்ல மெல்லவே வந்தது. 1873-இல் அதே ஹார்வர்டில் கற்பிக்கலானார். 1890-இல் வெளிவந்த அவரது பெருநூல் உளவியலுக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

அவர் தனித்துப் போராடிய நோய்க்கு இன்று மருத்துவம் உண்டு. ஆகவே, மாணவர்களே, சோர்ந்து ஒதுங்கும் தோழனைச் சோம்பனென்று இகழாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். படிப்பு காத்திருக்கும்.