இலவச நிழற்படங்களும் தொண்டு நிறுவனங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

அறப்பணி புரியும் நிறுவனங்கள் தம் பணியினை மக்களுக்கு எடுத்துரைக்கவும் நன்கொடை திரட்டவும் நிழற்படத்தைத் துணைக்கொள்ளத் தொடங்கி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று இணையத்தளங்களிலே எண்ணற்ற நிழற்படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பொருள்வளம் குன்றிய சங்கம் ஒன்று துண்டுப்பிரசுரமோ ஆண்டறிக்கையோ வெளியிட முனையும்போது அவற்றை நாடுவது இயல்பே. ஆயினும் 'இலவசம்' என்னும் சொல் இரு வேறு வினாக்களை ஒன்றாக்கி மறைத்துவிடுகின்றது. படத்தை எடுத்தவர் அதனைப் பிறர் பயன்படுத்த விட்டுக்கொடுத்துள்ளாரா என்பது ஒன்று. படத்தில் இருப்பவர் அதற்கு உடன்பட்டாரா என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்குச் சட்டமும் உரிமங்களும் படிப்படியாக விடை கண்டுள்ளன. இரண்டாவது வினாவுக்கு விடை காணும் பொறுப்போ தொண்டு நிறுவனங்களையே சார்ந்துள்ளது. இவ்வேறுபாட்டினை வரலாற்றின் துணைகொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லங்கள் அமைத்த தோமஸ் பர்னாடோ, 1874ஆம் ஆண்டில் தமது நிறுவனத்திலே நிழற்படப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். கந்தல் உடுத்து நிற்கும் சிறுவன் ஒருவனையும், பின்னர் தூய உடையுடன் தொழில் பயிலும் அதே சிறுவனையும் காட்டும் அட்டைகள் அச்சிடப்பெற்று விற்கப்பட்டன. நன்கொடை திரட்டுவதில் இவை பெரிதும் பயன்பட்டன. ஆனால், வறுமைக்கோலத்தை மிகைப்படுத்திக் காட்டும் பொருட்டுப் படங்கள் புனையப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1877இல் நடைபெற்ற நடுத்தீர்ப்பு விசாரணை, பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து பர்னாடோவை விடுவித்தபோதிலும், இத்தகைய புனைவினைக் கண்டித்தது. தொண்டு நிறுவனம் காட்டும் படம் உண்மையானதாக இருத்தல் வேண்டும் என்ற நெறி இவ்வாறு மிக முற்பட்ட காலத்திலேயே வலியுறுத்தப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

உண்மையான படத்தின் ஆற்றலைக் கொங்கோ இயக்கத்திலே காணலாம். பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் தனியாட்சியிலிருந்த கொங்கோவில் இறப்பர் திரட்டும் பொருட்டு நிகழ்ந்த கொடுமைகளை, மதப்பணியாளரான அலிஸ் சீலி ஹரிஸ் என்னும் பெண்மணி படம்பிடித்தார். கொல்லப்பட்ட தன் சிறுமகளின் துண்டிக்கப்பட்ட கையையும் காலையும் நோக்கியவாறு தந்தை ஒருவன் அமர்ந்திருக்கும் 1904ஆம் ஆண்டுப் படம் அவற்றுள் ஒன்றாகும். அதே ஆண்டில் தோன்றிய கொங்கோ சீர்திருத்தச் சங்கம், பிரித்தானியாவின் மண்டபங்களிலும் ஆலயங்களிலும் இப்படங்களைத் திரையிற் காட்டிச் சொற்பொழிவுகள் நடத்தியது. 1908இல் மன்னனின் தனியாட்சி முடிவுற்று, கொங்கோ பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது. அந்நியராட்சி நீங்கவில்லையெனினும், இம்மாற்றத்தில் நிழற்படங்களுக்குப் பெரும் பங்குண்டு எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவிலே தேசியச் சிறுவர் தொழில் குழு 1908இல் லூயிஸ் ஹைன் என்பவரைப் பணிக்கமர்த்தியது. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரை அவர் படம்பிடித்தார். உள்ளே நுழைய அனுமதி கிடைக்காதவிடத்து வணிகர் போன்று வேடம் பூண்டதுமுண்டு. தாம் கண்ட சிறுவரின் பெயர், வயது, வேலை முதலிய விபரங்களைக் கூடியமட்டும் குறித்துக்கொண்டமை அவருடைய முறையின் சிறப்பாகும். இக்குழுவின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இன்று வாஷிங்டன் நகரிலுள்ள பேரவை நூலகத்தில் உள்ளன. அவற்றை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

இலவசப் படத்தொகுதிகளுள் தலையாயதும் அந்நூலகத்திலேயே உள்ளது. பெருமந்த காலத்தில் வறிய விவசாயிகளுக்கு உதவுவதற்கென 1935இல் தோன்றி, 1937இல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் எனப் பெயர் மாறிய அரச திணைக்களத்திலே ரோய் ஸ்ட்ரைக்கர் என்பார் நிழற்படப் பிரிவினை நடத்தினார். அரச ஊழியர் கடமையின்பொருட்டு எடுத்தவையாதலின் இப்படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. பத்திரிகைகளுக்கு அவை கட்டணமின்றி வழங்கப்பட்டன. சுமார் ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் கறுப்பு வெள்ளை எதிர்ப்படங்கள் இன்று எஞ்சியுள்ளன.

இத்தொகுதியிலே உலகெங்கும் அறியப்பட்ட படம், டொரதியா லாங்கே 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில் எடுத்த 'இடம்பெயர் தாய்' என்பதாகும். அம்முகாமிலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் செய்தித்தாளில் வெளிவந்ததும் பட்டினியால் வாடியோருக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. எனினும் அவ்வேளையில் அந்தத் தாய் அவ்விடத்தை விட்டுச் சென்றுவிட்டாள். தாம் அவளுடைய பெயரையோ வரலாற்றையோ கேட்கவில்லை என லாங்கே 1960இல் எழுதினார். படமோ நூல்களிலும் சுவரொட்டிகளிலும் இடம்பெற்றது; 1998இல் அமெரிக்க முத்திரையிலும் அச்சாயிற்று. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அப்பெண்ணின் பெயர் 1978இலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. அப்படத்தினால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என அவர் மனக்குறையுடன் கூறினார். 1983இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது குடும்பத்தினர் பொதுமக்களிடம் உதவி கோர நேர்ந்தது. படத்தை நினைவில் வைத்திருந்தோர் பல்லாயிரம் டொலர் அனுப்பினர். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் காலமானார். பதிப்புரிமை பற்றிய கேள்வியே எழாத படத்திற்கூட, படத்திலிருந்தவருக்குச் செலுத்த வேண்டிய கடன் நிலுவையாய் நின்றதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இக்கடனைத் தொண்டு நிறுவனங்கள் தாமும் காலப்போக்கில் உணர்ந்தன. எத்தியோப்பியப் பஞ்சகாலத்துப் படங்கள் 1984, 1985ஆம் ஆண்டுகளில் உலகை உலுக்கிய பின்னர், ஆபிரிக்க மக்களைக் கையேந்துவோராக மட்டுமே காட்டுவது முறையா என்ற விவாதம் வலுப்பெற்றது. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களும் செய்திகளும் பற்றிய ஒழுக்கக்கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டன. 2006இல் அது புதுக்கப்பட்டபோது, படத்திலிருப்போர் விளங்கிக்கொண்டு இசைவு தருதல் வேண்டும் என்பது வெளிப்படையாகவே வலியுறுத்தப்பட்டது.

இதே காலத்தில் இலவசப் படங்களின் பெருக்கமும் நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் கனடாவிலே கட்டணமின்றிப் படம் பகிரும் தளமாகத் தோன்றிய ஐஸ்டொக்போட்டோ, பின்னர் கட்டணத்துக்கு மாறி, 2006இல் கெற்றி இமேஜஸ் நிறுவனத்துக்கு ஐந்து கோடி டொலருக்கு விற்கப்பட்டது. மறுபுறத்தில், கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதலாவது உரிமங்களை வெளியிட்டது. எடுத்தவர் தாமே நிபந்தனை விதித்துப் படத்தைப் பொதுப்பயனுக்கு வழங்க இவை வழிவகுத்தன. 2004இல் விக்கிமீடியா கொமன்ஸ் தோன்றிற்று. 2013இல் தொடங்கிய அன்ஸ்பிளாஷ், சகல உரிமைகளையும் துறக்கும் உரிமத்தின் கீழ்ப் படங்களை வழங்கி வந்து, 2017இல் தனக்கெனத் தனி உரிமம் வகுத்துக்கொண்டது. 2021இல் அதுவும் கெற்றி வசமாயிற்று. இலவசத் தளங்களின் நிபந்தனைகள் நிலையானவை அல்ல என்பது இதனாற் புலப்படும்.

எடுத்தவர் தரும் உரிமம் எடுக்கப்பட்டவரின் இசைவாகாது என்பதை 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாக்கியது. அமெரிக்கச் சிறுமி ஒருத்தியின் படம் பிளிக்கர் தளத்தில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்துடன் வெளியிடப்பட்டிருந்தது. அவுஸ்திரேலியாவிலே கைத்தொலைபேசி நிறுவனமொன்று அதனை எடுத்துப் பரிகாசமான வாசகத்துடன் விளம்பரமாக்கியது. சிறுமியின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கு, நியாயாதிக்கம் இல்லையெனத் தள்ளப்பட்டது. உரிமம் எடுத்தவரின் உரிமையைப் பற்றியதே. சிறுமியின் உடன்பாடு குறித்து அது யாதும் கூறவில்லை.

இலவசம் என்பது முற்றான பாதுகாப்பாகாது என்பதற்குக் கெரல் ஹைஸ்மித்தின் அனுபவமும் சான்றாகும். ஆயிரக்கணக்கான தம் படங்களைப் பேரவை நூலகத்தின் வழியாகப் பொதுமக்களுக்கு வழங்கிய அவர், இலாபநோக்கற்ற தமது அமைப்பின் இணையத்தளத்திலே தாமே எடுத்த படமொன்றை வெளியிட்டமைக்காக 120 டொலர் செலுத்துமாறு கோரும் கடிதத்தைப் பெற்றார். 2016இல் அவர் தொடுத்த வழக்கில் பதிப்புரிமை சார்ந்த கோரிக்கைகள் தள்ளுபடியாயின. படம் எங்கிருந்து, எந்நாளில், எந்த உரிமத்தின் கீழ்ப் பெறப்பட்டது என்பதை எழுதிவைத்தலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

தொகுத்து நோக்குமிடத்து, படத்தைத் தெரிவுசெய்யும் சங்கத்தின் கடமை உரிமத்தைச் சரிபார்ப்பதுடன் முடிவதில்லை. நோயாளி, ஏதிலி, கடனாளி என்ற தலைப்பின்கீழ் எங்கோ வாழும் அறியாத ஒருவரின் முகத்தை வைப்பது, அவர்மேல் அவர் அறியாத கதையொன்றைச் சுமத்துவதாகும். அவரது இசைவு உறுதிப்படாதவிடத்து, பணி நடைபெறும் இடத்தையோ, செய்யும் கைகளையோ, விளங்கி உடன்பட்ட தம் உறுப்பினரையோ காட்டுதல் தகும். சங்கம் தானே எடுக்கும் படத்துக்கு, ஹைன் செய்தது போன்று பெயரையும் விபரத்தையும் பதிந்துகொள்வதோடு, நிப்போமோவில் கேட்கப்படாத கேள்வியையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். பிறர் துயர் துடைக்க முனையும் பணி, அத்துயருக்குரியவரின் மதிப்பைக் காப்பதிலிருந்தே தொடங்குதல் சாலும்.