கீரிமலைக் கல்லும் எமது அத்திவாரங்களும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்கு வருவோர் கடலிலும் கேணியிலும் நீராடி, பிதிர்க்கடன் முடித்து, நகுலேசுவரப் பெருமானைத் தரிசித்து மீள்வர். கேணியையும் கடலையும் பிரித்து நிற்பது ஒரு சுவர் மாத்திரமே. இப்பால் நன்னீர், அப்பால் உப்புநீர். இவ்வதிசயத்தைப் புகழாதார் இல்லை. ஆயினும் அந்நன்னீர் எவ்வழியாக வந்து சேர்கின்றது, அவ்வழியின்மேல் யார் யார் வீடு கட்டிக் குடியிருக்கின்றனர் என்று வினாவுவோர் மிகச் சிலரே. எமது பகுதியில் மீளவும் வீடுகள் எழுந்துவரும் காலம் இது. ஆதலின் அவ்வினாவைச் சங்கத்து இளைஞர் முன்பும் பெரியோர் முன்பும் வைக்க விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. நிலநூலார் மயோசின் காலம் எனக் கூறும் தொல்பழங்காலத்திலே, கடலடியில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகளும் சிப்பிகளும் படிந்து இறுகி இப்பாறை ஆயிற்று. அதன்மேற் போர்வை போலக் கிடப்பது செம்பாட்டு மண். சில இடங்களில் அது பல அடி ஆழம் உடையது. சில இடங்களில் ஒரு சாண்கூட இல்லை. மண் குறைந்து கல் மிகுந்த நிலத்தைக் கலட்டி என்கின்றோம். அச்சொல்லே ஊர்ப்பெயராகவும் வழங்குகின்றது. கீரிமலைக் கரையிலோ மண்வெட்டி இரண்டாம் முறை விழுமுன் கல்லிற்படும். அங்கு வேலை அலவாங்குக்கே உரியது.

கட்டடத்தின் பாரத்தை நிலம் தாங்கத்தக்க அளவுக்குப் பரப்பிக் கொடுப்பதே அத்திவாரத்தின் தொழில். நிலம் மெலிதாயின் அத்திவாரம் அகன்றும் ஆழ்ந்தும் செல்லல் வேண்டும், வலிதாயின் குறுகலாம். மன்னார்ப் பகுதியிலே முருங்கனில் உள்ள கரிய களிமண்ணை நோக்குக. மாரியில் அது நீருண்டு பொருமும். கோடையில் வற்றிச் சுருங்கி, கை நுழையுமளவு வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி வைத்த அத்திவாரம் ஆண்டுதோறும் ஏறியிறங்கும். ஈற்றில் சுவர் பிளக்கும். எனவே அங்கு கட்டுவோர் வெடிப்பு எட்டாத ஆழம்வரை தோண்டுதல் வேண்டும்.

கடற்கரை மணலின் இயல்பு வேறு. சிதறிப்போகாமல் அடைபட்டிருக்கும் வரை மணல் நல்ல பாரம் தாங்கும். நீர் அதனை அரித்துச் சென்றாலோ மேலுள்ள எதுவும் நில்லாது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடலில் நிற்கும் கடற்கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். புயற்காலத்து அலைகள் அதன் அடிமணலை அரிப்பதைக் கண்ட ஒல்லாந்தர், கல்லால் அலைதடுப்பு அமைத்தே கோட்டையைக் காத்தனர். பீரங்கிக்கு அஞ்சிக் கட்டிய சுவருக்கு அடிமணலே பகையாயிற்று!

இவற்றோடு ஒப்பிடுமிடத்துக் கீரிமலையான் பாக்கியசாலி. தளர்ந்த மண்ணை அகற்றி, கல்லின் முகத்தைக் கொத்திச் சமனாக்கினால், அத்திவாரம் பாதி முடிந்தது எனலாம். எமது முன்னோரின் நாற்சார் வீடுகள் பல அவ்வாறே எழுந்தன. வளவிற் கிணறு வெட்டும்போது வந்த கல்லே சுவருக்கும் ஆயிற்று. அதே கல்லையும் முருகைக்கல்லையும் சூளையிற் சுட்டெடுத்த சுண்ணாம்பு, சாந்தும் ஆயிற்று.

நிற்க. நிலத்தைச் சோதிக்க எமது சிற்பநூல்கள் கூறும் பழைய முறைகள் இரண்டு உண்டு. ஒரு முழக் குழி வெட்டி, எடுத்த மண்ணையே மீளவும் இட்டு நிரப்புவது ஒன்று. மண் மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் அதமம். மண் எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பதை இது காட்டும். மூடநம்பிக்கை என்று தள்ளத்தக்கதன்று. ஆனால் கீரிமலையில் ஒரு முழக் குழி வெட்டுதற்கே மண் இல்லையாயின் எதனை இட்டு நிரப்புவது? மற்றைய முறை, மாலையிலே குழியை நீரால் நிரப்பி விடியற்காலையிற் பார்ப்பது. நீர் எஞ்சினால் நன்று. முற்றும் வற்றினால் தீது. இதுவே எமது மண்ணுக்கு மிக வேண்டிய சோதனை என்பது எமது எண்ணம். கற்குழியில் விட்ட நீர் விடியுமுன் மறைந்ததென்றால், அது எங்கோ போயிருத்தல் வேண்டுமன்றோ?

போகுமிடத்தையும் கூறுவோம். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கலந்துகொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல் அவ்வமிலத்திற் கரையும் இயல்புடையது. வெடிப்புக்களூடே இறங்கும் நீர் எண்ணற்ற மாரிகளாகக் கல்லைக் கரைத்துக் கரைத்து, துளையை வழியாக்கி, வழியைக் குகையாக்கிவிட்டது. இத்தகைய வழிகளாலேயே கேணிக்கு நீர் வருகின்றது. குகையின் கூரை எப்போதோ இடிந்து வீழ்ந்த இடங்களையும் நாம் அறிவோம். புத்தூர் நிலாவரை அவ்வாறு தோன்றியதே. நூற்றைம்பது அடிக்கு மேல் ஆழமுள்ள அதில் மேல்நீர் நன்னீர், அடிநீர் உவர். ஊரெழுப் பொக்கணையும் இவ்வினத்ததே. இராமபிரான் அம்பூன்றிய இடம் நிலாவரை என்னும் ஐதிகத்தை நாம் மறுக்க வரவில்லை. அம்பு ஊன்றினாலும் அமிலம் ஊன்றினாலும் அங்கே நிலம் வெறுமையாய் இருந்தது என்பதே வீடு கட்டுவோன் அறியவேண்டியது.

1981ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்து வின்ரர் பார்க் என்னும் ஊரிலே, இத்தகைய சுண்ணாம்புக்கல் நிலம் திடீரென அமிழ்ந்தது. ஒரு வீடு, நீச்சற் குளத்தின் ஒரு பகுதி, சில மோட்டார்க் கார்கள் யாவும் உள்ளே போயின. நிலத்தடிநீர் தாழும்போது, குகைகளை மூடிநிற்கும் மண்ணுக்கு நீர் கொடுத்த தாங்கல் குறைந்துவிடுகிறது. துலா இறைத்த காலத்தில் எமது கிணறுகளில் நீர்மட்டம் அவ்வளவு விரைவாகத் தாழவில்லை. இன்று இயந்திரம் இறைக்கின்றது.

கீரிமலை இடிபாடுகளுக்குப் புதிய ஊரன்று. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஈழத்துச் சிவாலயங்கள் பலவற்றோடு நகுலேசுவரத்தையும் இடித்தனர். பின்பு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு இக்கரையில் அவ்வாலயம் எழவில்லை. அதனை மீட்க முயன்ற நல்லூர் ஆறுமுக நாவலர் 1879இற் சிவபதமடைந்தார். அந்நூற்றாண்டு முடியுமுன் கோயில் எழுந்தது. 1990 ஒக்டோபரிற் குண்டுவீச்சால் மீளவும் சிதைந்தது. 2012இற் கும்பாபிஷேகம் கண்டது. சுவர்களை வீழ்த்தினோர் பலர். கோயிலைத் தாங்கிய கரைக்கல் அப்படியே கிடந்தது.

கல்லையே பெயர்த்தெடுத்த கதை வேறு. 1950இற் காங்கேசன்துறையில் அரசாங்கச் சீமெந்து ஆலை தொடங்கியது. அயலிலுள்ள சுண்ணாம்புக்கல்லும், முன்னே நாம் கூறிய முருங்கன் களிமண்ணும் அங்கே ஒன்றாய் எரிந்து சீமெந்தாயின. வீட்டைப் பிளக்கும் களியும் வீட்டைத் தாங்கும் கல்லும் சேர்ந்து, நாடெங்கும் அத்திவாரம் இட்டன. ஆலை 1990இல் நின்றது; கல் அகழ்ந்த பெருங்கிடங்குகள் நின்றுவிட்டன.

அவ்வாண்டு ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளை விட்டுப் புறப்பட்டனர். ஊர் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாதன இன்னும் உள. திரும்பி வந்தோரிற் பலர் கண்டது கூரையுமன்று, சுவருமன்று. பற்றைக்குள் மறைந்த அத்திவாரமே. வேலி போய், ஒழுங்கை போய், எல்லை மரமும் போன இடத்தில், ‘இது எங்கள் விறாந்தைப் படி’ என்று கண்ணீரோடு காட்ட அத்திவாரம் ஒன்றே எஞ்சியிருந்தது. அதன்மேலேயே மீளக் கட்டவேண்டும் என்னும் ஆசை இயல்பானது. அதனை யார் குறைகூறுவர்?

ஆயினும் சில உண்மைகளை மறைத்தல் அன்பாகாது. அவ்வத்திவாரம் ஓட்டுக்கூரையுள்ள ஒற்றைத் தட்டு வீட்டுக்கெனச் சுண்ணாம்புச் சாந்தாற் கட்டப்பட்டது. கொங்கிறீற்றுக் கூரையும் மேல்மாடியும் ஏற்றினால் அதன் பாரம் முற்றும் வேறு. இருபது ஆண்டுக்கு மேலாக ஆலும் வேம்பும் வேரோடிய கல்லிடுக்குகள் மேலே பூசினால் தோன்றா. கூரைநீரை அத்திவாரத்தின் ஓரத்திலேயே வீழவிடுவது மிகப் பொல்லாதது. அது வெடிப்பினுள் இறங்கி, கல்லிடுக்கின் மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். மலசலக் குழியையும் அத்தகைய வெடிப்பின்மேல் வெட்டினால், அடுத்த வளவுக் கிணறும் கெடும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. எந்த வளவிற் பழங்கிணறு தூர்க்கப்பட்டது, எந்த மூலையில் முன்பு நிலம் தாழ்ந்து குப்பையால் நிரப்பப்பட்டது என்பன உறுதிகளில் எழுதப்படவில்லை. முதியோர் நினைவிலேயே இருந்தன. அம்முதியோரிற் பலர் அகதி முகாம்களிலும் பிறநாடுகளிலும் காலமாயினர். எஞ்சியோரை அழைத்துக்கொண்டு வளவு வளவாய்ச் சென்று, அவர் காட்டும் இடங்களைக் குறித்து வைக்கும் வேலை எமது சங்கத்து இளைஞருக்கு ஒரு விடுமுறைக்கால வேலைதான். அடுத்த ஆண்டுக்குத் தள்ளக்கூடிய வேலையன்று.

எமது மேசன்மார் சிலரிடம் இன்றும் ஒரு பழக்கம் உண்டு. அத்திவாரக் கிடங்கு வெட்டி முடிந்ததும், கல்லின் முகத்தில் அடிக்கு ஓர் இடமாக அலவாங்கை நட்டு நட்டுக் கேட்பர். முழுக்கல் ‘கிண்’ என்னும். கீழே வெறுமை இருந்தால் ஓசை மழுங்கி ‘தொம்’ என்னும். ஐயம் தோன்றிய இடத்திலே துளையிட்டுப் பார்த்து, பொந்து சிறிதாயின் கல்லும் சீமெந்தும் இட்டு அடைப்பர்; பெரிதாயின் வீட்டையே நகர்த்தி வைப்பர். சுபமுகூர்த்தத்திற் கல் வைக்க வந்தோர் கிடங்கோரத்தில் நின்று, அவ்வோசை முடியும்வரை பேசாதிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.