19 அங்குலப் பெட்டி

பேஸ் கிதாரின் தடித்த கம்பியை மீட்டினால் அது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் அந்த ஒலி வரவே வராது. கூடவே வரும் மேல் சுரங்களை வைத்து நம் காது மீதியை ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மேடையில் இந்த ஏமாற்று வேலை எடுபடாது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு நிறைய வாட் வேண்டும். ரொம்ப காலத்துக்கு வாட் என்றாலே எடைதான். என்ன சாமான் வாங்குவது என்று பேஸ் கலைஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட வரலாறு முழுக்க இந்த எடையோடு போட்ட மல்லுக்கட்டு.

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. அடுத்த வருடமே அதற்கென்று பேஸ்மேன் ஆம்ப் வந்தது, உள்ளே 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. நடன அரங்குக்கு அது போதும். ஆனால் அறுபதுகளின் முடிவில் ராக் இசை பெரிய அரங்குகளுக்குப் போனபோது டிரம்ஸ் சத்தத்தில் பேஸ் காணாமலே போனது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடியை இறக்கியது: 300 வாட், 14 வால்வுகள். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கப் பயணத்துக்கு அதன் முன்மாதிரிகளைக் கொண்டுபோனார்கள். தலைப்பெட்டி மட்டும் 40 கிலோவை நெருங்கும். எட்டு ஸ்பீக்கர் கொண்ட அதன் பெட்டிக்குப் பிறகு 'ஃபிரிட்ஜ்' என்றே பெயர் வந்துவிட்டது. சத்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எல்லாம் ஒரே பெட்டிக்குள். உள்ளே ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் மொத்தமும் மௌனம்.

இந்த இடத்தில்தான் ரேக் வருகிறது. அது இசைக்காகப் பிறந்ததே இல்லை. 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்கி வைக்கச் செய்த இரும்புச் சட்டம் அது. அகலம் 19 அங்குலம், ஒரு தட்டின் உயரம் 1.75 அங்குலம். யார் செய்த கருவியும் உட்காரும். கெட்டுப்போனால் நாலு திருகைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். வானொலிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், பிறகு ஒலிப்பதிவுக் கூடங்கள். இன்றைய சர்வர் அறைகளிலும் அதே 19 அங்குலம்தான்.

எழுபதுகளில் கலிஃபோர்னியாவில், கிரேட்ஃபுல் டெட் குழுவைச் சுற்றி உருவான அலெம்பிக் நிறுவனம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஃபெண்டர் ஆம்பின் முன்பகுதி மின்சுற்றை மட்டும் ஆதாரமாக எடுத்து, ரேக்கில் பொருந்தும் எஃப்-2பி என்ற ப்ரீஆம்பாக ஆக்கியது. குரலை வடிவமைப்பது ஒரு பெட்டி, அதைப் பெரிதாக்குவது இன்னொரு பெட்டி. பெரிதாக்க, சொந்தக் குணம் எதையும் காட்டாத கிரவுன் டிசி-300 போன்ற டிரான்ஸிஸ்டர் பவர் ஆம்ப்கள் ஏற்கெனவே இருந்தன. தேர்ந்தெடுப்பது என்ற தலைவலியும் சுகமும் அன்றே தொடங்கிவிட்டன என்பேன். அதே குழு 1974இல் 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ராட்சச ஒலி அமைப்பைக் கட்டியபோது, ஃபில் லெஷின் பேஸில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ஸ்பீக்கர்கள்! கட்டுப்படியாகாமல் அந்த வருடமே மூட்டை கட்டினார்கள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் பொறாமைப்பட வைக்கிற பைத்தியக்காரத்தனம்.

எண்பதுகளில் ரேக் ஒரு அந்தஸ்து. ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், டியூனர், அடியில் பவர் ஆம்ப், முன்னால் மினுங்கும் விளக்குகள். இதில் பல பேர் வாட் கணக்கில்தான் ஏமாந்தார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்குச் சின்ன வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 300ஐ 600 ஆக்கச் செலவழித்த காசில் இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கியிருந்தால் பலன் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பழைய பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் எடைக்கு முன்பக்கத் திருகுகள் மட்டும் போதாது, பின்னாலும் தாங்கு கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் காது வளைந்த பிறகே தெரிந்துகொண்டார்கள். ஆம்பின் காதைச் சொல்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு உறுத்தல். மோடவுன் நிறுவனத்தின் டெட்ராய்ட் கூடத்தில் ஜேம்ஸ் ஜாமர்சன் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல், நேராக மிக்ஸரில் செருகித்தான் வாசித்தார். அறுபதுகளில் உலகம் கேட்டு ஆடிய பேஸ் அது. மேடையிலும் பின்னாளில் அதுவே வழக்கமானது: ஒலிப்பொறியாளர் பேஸிலிருந்து ஒரு கம்பியை நேராக எடுத்துக்கொள்வார், ரசிகர் கேட்பது அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களை. அப்படியானால் பின்னால் நிற்கும் ரேக் யாருக்கு? பக்கத்து டிரம்மருக்கு. அப்புறம் வாசிக்கிறவரின் முதுகுக்கும் கால்சட்டைக்கும். விரல் அழுத்தும்போது முதுகில் வந்து படுகிற அந்தக் காற்று சரியில்லையென்றால் கை தயங்கும், தயக்கம் தாளத்தில் தெரியும். ரசிகருக்குக் கேட்காத ஒலிக்கு அத்தனை பேர் காசைக் கொட்டியதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

2000களில் டி-வகுப்பு ஆம்ப்கள் வந்து கதையை மாற்றின. 500 வாட், இரண்டு கிலோவுக்குச் சற்று முன்பின், கிதார் உறைப் பைக்குள் அடங்கும். பழைய ரேக் சாமான்கள் இரண்டாங்கை விற்பனைக்கு வந்தன, இன்றும் வருகின்றன. வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொள்வது நல்லது.