மைசூர் அரண்மனையும் எட்டாவது அவென்யூவும்: யோகா–பிலாட்டீஸ் இணைப்பின் முன்வரலாறு

1934ஆம் ஆண்டில் உடலைப் பற்றிய இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, மைசூர் அரண்மனை ஆதரவில் டி. கிருஷ்ணமாச்சாரியார் கன்னடத்தில் எழுதிய ‘யோக மகரந்தம்’. மற்றொன்று, நியூயார்க்கில் ஜோசப் பிலாட்டீஸ் வெளியிட்ட ‘யுவர் ஹெல்த்’. யோகாவையும் பிலாட்டீஸையும் ஒரே வகுப்பில் கலந்து கற்பிக்கும் இன்றைய வழக்கத்தைக் கிழக்கும் மேற்கும் செய்துகொண்ட திருமணம் என்பார்கள். காலவரிசையைப் பார்த்தால் இந்த வருணனை பொருந்தவில்லை. உடற்பயிற்சி ஒரு சமூக இயக்கமாக எழுந்த அதே பத்தாண்டுகளில்தான் இரண்டும் இன்றைய வடிவத்தைப் பெற்றன.

1883இல் ஜெர்மனியின் மான்சென்கிளாட்பாக்கில் பிறந்த பிலாட்டீஸ் நோஞ்சான் பிள்ளை. அவர் வளர்ந்த நாட்டில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் 1811இல் பெர்லினில் தொடங்கிய திறந்தவெளிப் பயிற்சிக்கூடத்தின் வழிவந்த சங்கங்கள் ஊர்தோறும் இருந்தன. முதல் உலகப் போரின்போது பிலாட்டீஸ் இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, மான் தீவின் நாக்கலோ முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கட்டில் சுருள்வில்களைக் கொண்டு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார் என்ற கதை பிலாட்டீஸ் வட்டாரத்தில் தலபுராணம் போலப் புழங்குகிறது. 1926இல் நியூயார்க் சென்று, எட்டாவது அவென்யூவில் மனைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தினார். காயம்பட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கண்ட்ராலஜி’. 1945இல் வந்த அவருடைய இரண்டாம் நூலில் பாயில் செய்யும் 34 பயிற்சிகள் உள்ளன. அவற்றில் ‘ரோல் ஓவர்’ நமக்கு ஹலாசனத்தையும் ‘ராக்கிங்’ தனுராசனத்தையும் நினைவூட்டும். இதைக் கொண்டு அவர் யோகம் பயின்றவர் என்று முடிவுகட்டுவது அவசரம். முதுகை வளைக்கவும் காலைத் தலைக்குப் பின்னே கொண்டுபோகவும் மனித உடலுக்கு உள்ள வழிகள் சிலவே.

மைசூர்ப் பக்கத்துக் கதை இன்னும் சிக்கலானது. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலை இயங்கியது. கிருஷ்ணமாச்சாரியாரின் ஆசனத் தொடர்களில் அரண்மனை ஜிம்னாஸ்டிக்ஸின் தடயம் உண்டு என்று யோக வரலாற்று ஆய்வாளர் நார்மன் ஜோமன் 1996இல் எழுதினார். 2010இல் மற்றோர் ஆய்வாளர் மார்க் சிங்கிள்டன் ஸ்காண்டிநேவிய ஜிம்னாஸ்டிக்ஸையும் சேர்த்து இந்த வாதத்தை விரித்தார். ஆனால் இதே மைசூரில் 19ஆம் நூற்றாண்டில் உருவான ‘ஸ்ரீதத்துவநிதி’ 122 ஆசனங்களைப் படங்களுடன் காட்டுகிறது. ஆகவே, நவீன யோகா மேற்கிலிருந்து கடன் வாங்கியது என்று ஒரே வரியில் சொல்வது மிகை. பழைய ஆசனங்கள் புதிய கால்களில் நடந்தன என்பதே என் கணிப்பு. அவற்றை மூச்சோடு கோத்து, தொடராக்கி, மாணவர் கூட்டத்துக்கும் அரங்கக் காட்சிக்கும் ஏற்ப அமைத்த விதம்தான் அந்தக் காலத்தின் பங்களிப்பு.

இரண்டும் உரசிக்கொள்ளும் இடம் வயிறு. பிலாட்டீஸில் அடிவயிற்றை உள்ளிழுத்தபடியே விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய மூச்சு வாங்குவார்கள். யோக வகுப்புகள் பலவற்றிலோ வயிற்றைத் தளர்த்தி மூச்சை இறக்கச் சொல்வார்கள். வயிற்றை உள்ளிழுத்து நிறுத்தும் உட்டியான பந்தம் போன்ற பிடிப்புகளுக்குத் தனி நேரம் உண்டு. 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும், கையை அசைப்பதற்கு முன்பே அடிவயிற்றின் ஆழ்தசை இறுகுவதையும், கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாவதையும் காட்டினார்கள். இந்த ஆய்வு பிலாட்டீஸுக்கு மருத்துவ மதிப்பைத் தேடித் தந்தது. உடலின் நடுப்பகுதித் தசைகளைக் குறிக்கும் ‘கோர்’ என்ற சொல் ஜிம்களில் மந்திரமானது அதற்குப் பிறகுதான். ஆழ்தசை ஒன்றே முதுகைக் காக்கும் என்ற எளிய நம்பிக்கை பின்வந்த ஆய்வுகளில் தளர்ந்துவிட்டது. வகுப்பறைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக எட்டவில்லை.

இணைப்பு பெயர் பெற்றது 1990களின் இறுதியில். நியூயார்க்கின் ஜோனதன் உர்லா ‘யோகிலாட்டீஸ்’ என்ற முறையைக் கற்பித்து, 2002இல் அதே பெயரில் நூலும் எழுதினார். ஆஸ்திரேலியாவில் லூயிஸ் சாலமன் ஏறக்குறைய அதே பெயரில் தம் முறையை வளர்த்தார். இதற்கிடையே 2000 அக்டோபரில், ‘பிலாட்டீஸ்’ என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், தனியுரிமை வணிகக் குறியாகாது என்று மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரைப் பயன்படுத்த இருந்த தடை நீங்கியதும் எந்த ஜிம்மும் அதை அட்டவணையில் சேர்த்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் அந்த அட்டவணையில் ஒன்று விடுபட்டது. எட்டாவது அவென்யூவில் ஒவ்வொருவரின் உடலுக்கும் தேவைக்கும் ஏற்பவே பயிற்சி அமைந்தது. 1950களில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியாரும் மைசூர் நாட்களின் கூட்டப் பயிற்சியை விட்டு, தனித்தனியாகக் கற்பிக்கும் முறைக்கு நகர்ந்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இந்த வழியையே பின்பற்றியது: வயது, நோய், தொழில் பார்த்துப் பயிற்சி. இரு மரபுகளுக்கும் பொதுவாயிருந்த இந்தத் தனிக்கவனத்தைக் கலப்பு வகுப்பு கைவிட்டது. அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. இருபது பேருக்கு ஒரே வரிசை, ஒரே எண்ணிக்கை.

கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் பயனளிக்கிறதா என்று 2015இல் ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, மிகக் குறைந்த சிகிச்சையைவிட அது நல்லது, ஆனால் பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. யோகா பற்றிய காக்ரேன் மதிப்பாய்வின் முடிவும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரு நாள் தசைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எந்த முறையின் பெயரையும் அது பரிந்துரைக்கவில்லை. முழங்கால் தேய்ந்தவரும், நாளெல்லாம் கணினிமுன் குனிந்திருப்பவரும் ஒரே கலப்பு வகுப்பில் சேரும்போது, யாருக்கு எந்த அசைவு, எவ்வளவு என்று ஆசிரியர் பிரித்துக் கொடுக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.