சீவல் தொழிலாளர் கூட்டுறவும் தனியார் குத்தகையும் (யாழ்ப்பாணம்)

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கள்ளுத் தொழில் முதலில் தனியார் குத்தகைக்காரர் கையிலும், 1970களின் முற்பகுதி முதல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் நடந்துவந்தது. தொழிலும் மரமும் மாறாமல் உரிமை மட்டும் கைமாறியதால், உற்பத்தியாளர் கூட்டுறவின் திறனைத் தனியார் முறையோடு ஒப்பிட இது தகுந்த களமாகும்.

குத்தகைக் காலம்

கள் விற்கும் கடைகளான தவறணைகளை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர், கட்டிய பணத்துக்கு மேல் இலாபம் காண முனைந்தார். இறக்கிய கள் சில மணி நேரத்தில் புளித்துவிடும். வைத்திருந்து விற்க இயலாது. மரம் ஏறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளரில் பெரும்பாலோர் சாதி ஒடுக்குமுறைக்கு உள்ளானவர்கள். சொந்த மரம் இல்லாதோரும் பலர். ஆகவே பேரம் பேசும் வலிமை குத்தகைக்காரரிடமே இருந்தது.

சங்கங்களின் எழுச்சி

இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911இலேயே வந்துவிட்டது. எனினும் சீவல் தொழிலாளர் சங்கங்கள் தவறணைகளைப் பொறுப்பேற்றது 1970களின் ஐக்கிய முன்னணி ஆட்சிக் காலத்தில்தான். பிற்காலத்தில் இவை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எனப்பட்டன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பருவத்தில் மிஞ்சும் கள்ளைச் சாராயமாக்கும் திக்கம் வடிசாலை வடமராட்சியில் உருவானது.

திறன் ஒப்பீடு

கூட்டாக உழைக்கும் இடத்தில் ஒருவர் உழைப்பைத் தனியே அளக்க முடியாது. கண்காணித்து, எஞ்சும் இலாபத்தைப் பெறும் உரிமையாளர் இல்லாவிட்டால் சோம்பல் மிகும் என 1972இல் பொருளியலாளர்களான ஆல்சியனும் டெம்செட்சும் வாதிட்டனர். சீவல் தொழிலுக்கு இவ்வாதம் பொருந்தாது. மரம் ஏறுபவர் தனித்தே உழைக்கிறார். அவர் கொண்டுவரும் கள் அளந்து ஏற்கப்படுகிறது. கூட்டாகச் செய்யவேண்டியவை விற்பனை, பதனிடல், பேரம் ஆகியவையே. இவற்றில் கூட்டுறவு, இடைத்தரகரின் இலாபத்தை உறுப்பினரிடம் சேர்க்க வல்லது. அமெரிக்காவின் வடமேற்கில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கிரெய்க், பென்காவல் ஆகியோரும், கூட்டுறவுகள் உற்பத்தித் திறனில் தனியார் ஆலைகளுக்குக் குறைந்தவை அல்ல என்றே கண்டனர்.

வரம்புகள்

குத்தகைக்காரர் தமக்குத் தேவையான அளவு கள்ளை மட்டும் வாங்கலாம். சங்கமோ உறுப்பினரின் கள்ளைத் தட்டிக்கழிப்பது கடினம். ஆகவே பருவகால மிகையின் சுமை சங்கத்தின் மேல் விழுகிறது. அதைத் தாங்க வடிசாலை வேண்டும். அதற்கான பெருமுதல் உறுப்பினரின் சிறு பங்குப் பணத்தால் திரளாது. 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் போக்குவரத்தையும் சந்தையையும் குலைத்தது. எனவே இச்சங்கங்களை இலாபத்தால் மட்டும் அளப்பது போதாது. தொழிலாளிக்குக் கிடைத்த விலையும், விற்பனையின் உறுதியும் அளவுகோலில் சேரவேண்டும்.